அலுமாரிப் பக்கம் சாய்ந்த கறிவேப்பிலை

"அப்பாவைக் காணேல்லை. தொண்ணூற்றொரு மணித்தியாலம்."

கதிரையில் உட்காரும் முன்னரே யூஜினி இதைச் சொல்லிவிட்டாள். செவ்வாய்க்கிழமை, காலை பதினொரு மணி. அவளுடைய சப்பாத்திலிருந்து உப்புக் கலந்த பனி உருகி, கௌசியின் அலுவலகக் கம்பளத்தில் ஒரு வட்டமாக ஊறியது.

கௌசி குறிப்புப் புத்தகத்தில் 91 என்று எழுதினாள். எழுதிய பிறகு அந்த எண்ணைச் சில விநாடிகள் பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னர் பக்கத்தைத் திருப்பினாள்.

அவளுக்கு முப்பத்திரண்டு வயது. தாவரவியல் படித்தவள். காப்புறுதி நிறுவனமொன்றில் ஏழு வருடம் பொய்க் கோரிக்கைகளைப் பிரித்துப் பார்த்தவள். இப்போது ஸ்காபரோவில், ஒரு பல் வைத்தியருக்கு மேல்மாடியில், துப்பறியும் அனுமதிப்பத்திரத்தைச் சுவரில் மாட்டிக்கொண்டு இருக்கிறாள். அதிகம் பேச மாட்டாள். அந்தக் குறையை நிவர்த்தி செய்ய இக்னேசியஸ் இருந்தார். வயது அறுபத்துமூன்று. முப்பது வருடம் நகர பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். கௌசியின் கார்ச் சாரதி, உதவியாளர், வாய்.

"பொலிசுக்குச் சொன்னீங்களோ அக்கா?" என்று கௌசி கேட்டாள்.

"இண்டைக்குக் காலமை. அவையும் தேடினம். எனக்குப் பொறுக்க ஏலாது. அப்பாவுக்கு எழுபத்தாறு வயசு. டயபிற்றிஸ். முழங்காலும் ஏலாது."

"எப்பிடித் தெரிய வந்தது?"

யூஜினி கையுறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக மடியில் வைத்தாள். தகப்பனின் பெயர் யேசுரட்ணம். அம்மா இறந்த பிறகு அவர் ஒரு மாதம் ரூஜ் பகுதியில் மகளின் வீட்டில், ஒரு மாதம் மார்க்கம் நகரில் மகன் றூபனின் வீட்டில். ஒற்றை மாதம் மகள், இரட்டை மாதம் மகன். இது பெப்ரவரி. றூபனின் மாதம்.

"நேற்று லீவு நாள்தானே. மகனுக்குப் பிறந்தநாள். அப்பாவைக் கூட்டிக்கொண்டு வாங்கோ எண்டு சொல்ல அண்ணி வீட்டை போன் எடுத்தன். அண்ணி சொல்லுறா, மாமா உங்கை உங்களிட்டை எல்லோ எண்டு. நாங்கள் அவர் அங்கை எண்டு இருக்கிறம், அவை இங்கை எண்டு இருக்கினம்."

"ரண்டு தரிப்பிடத்திலையும் ஆள் இல்லை," என்றார் இக்னேசியஸ் மெதுவாக. "அப்ப பஸ் எங்கை நிக்குது?"

கௌசி அவரைப் பார்த்தாள். அவர் வாயை மூடினார்.

"நீங்கள் அப்பாவோட கடைசியாக் கதைச்சது எப்ப?"

"ஒரு... பத்து நாள் இருக்கும்."

"தொண்ணூற்றொரு மணித்தியாலம் எண்டனீங்கள்."

"வெள்ளிக்கிழமையில இருந்து போன் ஓஃப். அதைத்தான் சொன்னன்."

கௌசி தலையசைத்தாள். யூஜினி கைப்பையிலிருந்து ஒரு கடித உறையை எடுத்து மேசையில் வைத்தாள். தகப்பன் அவளுடைய வீட்டில் விட்டுச்சென்ற பெட்டியில், கம்பளிச் சட்டைகளுக்கு அடியில் இருந்ததாம். நேற்று இரவுதான் பெட்டியைத் திறந்தாளாம்.

அரசாங்கக் கடிதம். சுகாதாரப் பதிவு. மூட்டு வலிக்கு மருத்துவர் பரிந்துரைத்தபடி, திரு. யேசுரட்ணம் தன் சொந்தத் தேவைக்காக, தான் வசிக்கும் இடத்தில் இருபத்தைந்து கஞ்சாச் செடிகள் வளர்க்கலாம்.

"அப்பா கோயில் சங்கத்திலை இருந்தவர்," என்றாள் யூஜினி. வேறு எதுவும் சொல்லத் தெரியாமல் அதைச் சொன்னதுபோல் இருந்தது.

கௌசி கடிதத்தின் தலையைச் சுட்டினாள். வசிக்கும் இடம் என்று அங்கே ஒரு முகவரி இருந்தது. ரூஜ் இல்லை. மார்க்கமும் இல்லை. ஸ்காபரோவில் ஒரு பிளாசா. இலக்கம் ஏழு, மேல்மாடி.

"உந்த இடம் தெரியுமோ?"

"தெரியாது. அண்ணா கடை ஒண்டு நடத்துறார் எண்டு தெரியும். என்ன கடை எண்டு நான் கேட்கிறேல்லை."

* * *

இக்னேசியஸ் காரை பஸ் போலவே ஓட்டுவார். எல்லா மஞ்சள் விளக்கிலும் நிற்பார். வயதானவர்கள் கடந்து முடியும்வரை காத்திருப்பார்.

"மேடம், எனக்கு ஒண்டு விளங்கேல்லை. மார்க்கத்திலை, 'எங்கட வீட்டுப் பக்கம் கஞ்சாக் கடை வேண்டாம்' எண்டு போன வருசம் ஒரு பெட்டிசம் போனது. என்ர மச்சான் வீட்டையும் வந்தது. கொண்டுவந்தது ஆர் தெரியுமோ? இந்த றூபன். வீடு அங்கை, கடை இங்கை. சாப்பிடுறது ஒரு இடம், கை கழுவுறது வேறை இடம்."

"அவரைத் தெரியுமோ உங்களுக்கு?"

"ஸ்காபரோவிலை முப்பது வருசம் பஸ் ஓட்டினனான். எனக்குத் தெரியாத ஆள் எண்டால் அவர் கார் வைச்சிருக்கிற ஆள்."

கௌசி கடிதத்தை மறுபடியும் படித்தாள்.

"பிளாசாவிலை செடி வளர்க்க நகரசபை விடாது அங்கிள். அதுக்கு வேறை இடம் ஒதுக்கி இருக்கு, தொழிற்சாலைகள் இருக்கிற பக்கம். கடைக்கு வேறை லைசென்ஸ். ஆனா ஒரு நோயாளி, தான் குடியிருக்கிற இடத்திலை, தனக்கு மட்டும் வளர்த்தால், அது வேறை கணக்கு."

"அப்ப றூபனுக்கு ஒரு நோயாளி தேவை."

"குடியிருக்கிற நோயாளி."

"தகப்பனை வாடகைக்கு எடுத்திருக்கிறான்," என்றார் இக்னேசியஸ். அடுத்த மஞ்சள் விளக்கில் அவர் நிற்கவில்லை.

* * *

பிளாசாவில் எட்டுக் கடைகள். வரிப் பத்திரம் நிரப்பும் இடம், நகைக் கடை, டியூசன் சென்ரர், தமிழ்ப் பேக்கரி. கடைசிக்கு முதல் கடையில் பச்சைச் சிலுவை போட்ட பலகை. 'நிவாரணம் மூலிகை மருத்துவ நிலையம்.' அதன் வாசலில் இரண்டு கொங்கிறீற் கட்டைகள், இடுப்பளவு உயரம், கதவோடு ஒட்டியபடி.

கண்ணாடியில் நகரசபையின் அறிவித்தல். அனுமதிப்பத்திரம் இன்றிக் கஞ்சா விற்றதால் இடம் மூடப்பட்டுள்ளது. வெள்ளிக்கிழமை, நண்பகல்.

"கீழை விக்கிறதும் மருந்து, மேலை வளர்க்கிறதும் மருந்து," என்றார் இக்னேசியஸ், கொங்கிறீற் கட்டைகளைக் காட்டி. "நகரசபை குடுத்த குளிசையளைப் பாத்தீங்களோ? ஒண்டு ரண்டு தொன்."

பின்புறம் போனார்கள். அங்கேயும் ஒரு கட்டை, மாடிப்படிக் கதவை அடைத்தபடி. அதற்கு மேல் ஒரு யன்னல், வடக்குப் பார்த்தது. யன்னல் திட்டில் ஒரு சாடி. சாடியில் இருந்த கன்றின் இலைகள் கறுத்துத் தொங்கின.

"என்ன செடி அது?" என்றார் இக்னேசியஸ். "வழக்குக்கு உரியதோ?"

"கறிவேப்பிலை. குளிருக்குள்ளை நிண்டிருக்கு." கௌசி வெறும் கையால் சுவரைத் தொட்டுப் பார்த்தாள். வெளியே பூச்சியத்துக்குக் கீழே பதினொரு பாகை. "உள்ளுக்கை ஹீற்றர் வேலை செய்யேல்லை."

அடுத்த கதவு பேக்கரி. உள்ளே பாணும் வெங்காயமும் மணத்தன. உரிமையாளர் கமலாம்பிகைக்கு ஐம்பது வயதிருக்கும். தட்டில் றோல்ஸ் அடுக்கிக்கொண்டே பேசினார்.

"யேசுரட்ணம் ஐயாவோ? ஓம், மேலை இருக்கிறவர்."

"மேலை இருக்கிறவரோ? உண்மையா இருக்கிறவரோ?"

"இதென்ன கதை. மார்கழியும் இருந்தவர், இந்த மாசமும் இருக்கிறார். விடிய ஏழு மணிக்கு வருவார். ஒரு மீன் பணிஸ், சீனி போடாத பிளேன் ரீ. மகன்ர வீட்டிலை பேஸ்மென்ற் வாடகைக்கு விட்டாச்சாம், இடமில்லையாம். அதைக் கூடக் குறையாச் சொல்ல மாட்டார். 'கடைக்கு மேலை நல்ல வெளிச்சம்' எண்டு சொல்லுவார்."

கௌசியும் இக்னேசியசும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். கடிதத்தில் இருந்த முகவரி பொய் என்று நினைத்துத்தான் இருவரும் வந்திருந்தார்கள். றூபன் பொய்யாகத்தான் எழுதியிருப்பான். பிறகு, வீட்டில் இடமில்லாதபோது, அந்தப் பொய்க்குள்ளேயே தகப்பனைக் குடிவைத்திருக்கிறான்.

"கடைசியா எப்ப வந்தவர்?"

"வெள்ளி விடிய. பிறகு கடையைப் பூட்டிப்போட்டாங்கள். மகளிட்டைப் போயிருப்பார் எண்டு நினைச்சன்."

"மேலை ஏதும் சத்தம் கேட்டதோ?"

கமலாம்பிகையின் கை தட்டின்மேல் நின்றது.

"பைப் தட்டினது. சனியும் ஞாயிறும். மூண்டு மூண்டாத் தட்டினது. குளிருக்குப் பைப் தட்டும்தானே..." அவர் குரல் இறங்கியது. "பைப் மூண்டு மூண்டாத் தட்டுமோ, தங்கச்சி?"

"எப்ப நிண்டது?"

"ஞாயிறு பின்னேரம்."

கௌசி அவசர இலக்கத்தை அழைத்தாள். ஆங்கிலத்தில், மிகச் சுருக்கமாக: அடைக்கப்பட்ட கட்டடம், உள்ளே முதியவர், நான்கு நாள், வெப்பம் இல்லை. கதவுகளில் கொங்கிறீற். ஏணி வேண்டும். பிறகு யூஜினியை உடனே அங்கே வரச் சொல்லிச் செய்தி அனுப்பினாள்.

"ஆனா பிள்ளை," என்றார் இக்னேசியஸ். அவர் அவளை மேடம் என்று அழைக்காதபோது பகிடி முடிந்துவிட்டது என்று பொருள். "பூட்ட முதல் ஆக்கள் உள்ளுக்கை போய்ப் பாத்திருப்பினம் எல்லோ? ஒரு மனுசனைக் காணாமல் விடுவினமோ?"

அதுதான் கேள்வி. கௌசி கமலாம்பிகையிடம் திரும்பினாள்.

"யன்னலிலை ஒரு கறிவேப்பிலைக் கன்று நிக்குதே?"

"நான் குடுத்தது. என்ர தாய்ச் செடியிலை முளைச்சது. அந்த மனுசனுக்கு அதாலை ஒரே கவலை. எனக்குப் படமும் அனுப்பினவர், பாருங்கோ." அவர் மாவுக் கையைத் துடைத்துத் தொலைபேசியை எடுத்தார். "கன்று ஒரு பக்கமாச் சாயுது எண்டார். சாடியைத் திருப்பி வையுங்கோ எண்டன். திருப்பி வைச்சார். பத்து நாளிலை பழையபடி அதே பக்கம்."

இரண்டு படங்கள். இரண்டிலும் சாடி யன்னல் திட்டில். கௌசி முதல் படத்தைப் பார்த்தாள். இரண்டாவதைப் பார்த்தாள். பிறகு தொலைபேசியை இக்னேசியசிடம் நீட்டினாள்.

"அங்கிள், யன்னலிலை வைச்ச கன்று எந்தப் பக்கம் சாயும்?"

"யன்னல் பக்கம்."

"இது அறைக்குள்ளை சாயுது."

படத்தில், அறையின் மறுபுறத்தில் ஓர் இரும்பு அலுமாரி. தட்டுகளில் பெட்டிகள். சுவரை முழுவதாக மறைத்து நின்றது. கன்றின் ஒவ்வொரு கொழுந்தும் அந்த அலுமாரியை நோக்கி நீண்டிருந்தது.

"அலுமாரியிலை என்ன இருக்கு? சாமிப் படமோ?"

"பின்னாலை இருந்து இடுக்குகளாலை வாற வெளிச்சம் இருக்கு. யன்னல் வெளிச்சத்தை விடப் பெரிய வெளிச்சம். நாளுக்குப் பதினெட்டு மணித்தியாலம் எரியிற லைற். சுவர் இருக்க வேண்டிய இடத்திலை சுவர் இல்லை அங்கிள். அதுக்குப் பின்னாலை இன்னொரு அறை."

இக்னேசியஸ் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்.

"இருபத்தைஞ்சு செடிக்கு ஒளிக்கத் தேவையில்லை," என்றார். "உள்ளுக்கை இருபத்தைஞ்சு இல்லை."

"அந்தக் கறுப்புக் காரையும் கேளுங்கோ," என்றார் கமலாம்பிகை திடீரென்று. கண்ணாடிக்கு வெளியே சுட்டினார். வாகனத் தரிப்பிடத்தின் கடைசியில் ஒரு கார் எஞ்சின் ஓட நின்றது. "சனிக்கிழமையில இருந்து வருது. கோப்பி வாங்கிக்கொண்டு போய் உள்ளுக்கை இருந்து பாக்குது. நான் நகரசபை ஆள் எண்டு நினைச்சன்."

"நகரசபை ஆள் லீவு நாளிலை வரமாட்டான், அன்ரி," என்றார் இக்னேசியஸ். தன்னைவிடப் பத்து வயதுக்கு மேல் குறைந்தவரை அவர் அன்ரி என்று அழைத்ததை யாரும் கவனிக்கவில்லை.

* * *

காரின் முன்தட்டில் நான்கு வெற்றுக் கோப்பிக் கோப்பைகள். ஸ்ரியரிங்கைப் பிடித்தபடி இருந்தவனுக்கு நாற்பத்தெட்டு வயது. யூஜினியின் அதே மூக்கு; முகம் சவரம் செய்யப்படவில்லை. கௌசி கண்ணாடியில் தட்டினாள். மூன்று தரம் தட்டினாள். அவன் திடுக்கிட்டான்.

"றூபன் அண்ணை, கண்ணாடியை இறக்குங்கோ. நான் கௌசி. உங்கட தங்கச்சிக்காக வந்திருக்கிறன்."

"அப்பா அவளிட்டை இல்லையாம் எண்டு மனுசி சொன்னவ." அவன் குரல் பல நாட்களாகப் பேசாதவனின் குரல்போல் இருந்தது. "நான் தேடிக்கொண்டுதான் இருக்கிறன்."

"பூட்டின கடைக்கு முன்னாலை இருந்தோ?"

அவன் வெற்றுக் கோப்பை ஒன்றை எடுத்துத் திரும்ப வைத்தான்.

"வெள்ளிக்கிழமை அதிகாரியள் மேலை ஆக்கள் இருக்கினமோ எண்டு கேட்டிருப்பினம். என்ன சொன்னீங்கள்?"

"இல்லை எண்டு. ஸ்ரோர் றூம் எண்டு. கையெழுத்துப் போட்டுக் குடுத்தனான். அவங்கள் ஏறிப் பாத்தவங்கள். ஒருத்தரும் இல்லை."

"இருக்கிறார் எண்டு எழுதிச் செடி வளர்த்தனீங்கள். இல்லை எண்டு எழுதிக் கதவைப் பூட்ட விட்டனீங்கள்," என்றார் இக்னேசியஸ். "பேப்பரிலை உங்கட அப்பா நல்லா ஏறி இறங்குறார். அந்த முழங்காலோட."

"அங்கிள்," என்றாள் கௌசி. அவர் நிறுத்தினார்.

"அலுமாரிக்குப் பின்னாலை எத்தினை செடி, அண்ணை?"

றூபன் அவளை முதல் தடவையாக நேரே பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. கேட்க வேண்டியவர்கள் கடைசியில் கேட்டுவிட்டார்கள் என்ற களைப்புத்தான் இருந்தது.

"நூற்றுநாப்பது. எல்லாம் அப்பான்ர பேரிலை. அவங்கள் கண்டிருந்தா அப்பாவைத்தான் பிடிச்சிருப்பாங்கள். அவர் அப்ப உள்ளுக்கை தண்ணி ஊத்திக்கொண்டு நிண்டவர். நான் லைற்றை நிப்பாட்டிப்போட்டு, சத்தம் போடாதைங்கோ, நாங்கள் கீழை போனவுடனை பின் படியாலை இறங்கித் தங்கச்சியிட்டைப் போங்கோ எண்டு சொல்லி, அலுமாரியைத் தள்ளி மூடினனான். அதுக்குச் சில்லு இருக்கு. சின்னப் பிள்ளையும் தள்ளும். பின் கதவு அரை மணித்தியாலம் திறந்துதான் கிடந்தது. அவர் போயிருப்பார். போயிருக்க வேணும்."

"போனதைக் கண்டனீங்களோ?"

"இல்லை."

"தங்கச்சியைக் கேட்டனீங்களோ?"

"என்னெண்டு கேக்கிறது? அப்பா வந்திட்டாரோ எண்டு கேட்டா, எங்கை இருந்து வாறார் எண்டு கேப்பாள்."

தூரத்தில் சைரன் கேட்டது. றூபன் அதைக் கேட்டான். கேட்டதும் வேகமாகப் பேசத் தொடங்கினான்.

"ஒவ்வொரு நாளும் வந்து பாத்தனான். உள்ளுக்கை ஆள் இருந்தா லைற்றைப் போடுவார் தானே? லைற் எரியிறதோ எண்டுதான் பாத்துக்கொண்டிருந்தனான். ஒரு நாளும் எரியேல்லை."

கௌசிக்கு அடுத்த கேள்வி தெரிந்திருந்தது. இதைக் கேட்காமல் விட்டால் அவன் எப்போதாவது தானாகவே இந்த இடத்துக்கு வந்துசேர்வான். ஆனால் தீயணைப்பு வீரர்களுக்கு அந்தப் பதில் இப்போதே தேவை.

"லைற்றும் இல்லை, ஹீற்றரும் இல்லை. மெயின் சுவிச்சை ஆர் நிப்பாட்டினது?"

றூபன் மாடிப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"பூட்டின கடையிலை மீற்றர் ஓடினாச் சந்தேகப்படுவாங்கள் எண்டு நிப்பாட்டினது நீங்கள்தானே. கீழ் அறையிலை. வெள்ளிக்கிழமை."

அவன் கார்க் கதவைத் திறந்தான். இறங்க முயன்றான். கால் பனியில் வழுக்கி, ஒரு கையைத் தரையில் ஊன்றி, அப்படியே இருந்தான். இக்னேசியஸ் குனிந்து அவனுடைய தோளைப் பிடித்துத் தூக்கினார். முப்பது வருடம் முதியவர்களை பஸ் படியில் ஏற்றி இறக்கிய கை அது.

* * *

தீயணைப்பு வண்டி ஏணியை யன்னலுக்கு நீட்டியது. இரண்டு பேர் ஏறினார்கள். கௌசி கீழிருந்து கத்தினாள்: நேர் எதிர்ப் பக்கம், அலுமாரி, அதற்குப் பின்னால். கத்திப் பழக்கமில்லாததால் அவளுடைய குரல் இரண்டாவது சொல்லிலேயே உடைந்தது. கண்ணாடி உடைந்தது. கறிவேப்பிலைச் சாடி உள்ளே விழுந்த சத்தம் கேட்டது.

பிறகு நீண்ட நேரம் எதுவும் இல்லை. கைக்கடிகாரத்தில் அது இரண்டு நிமிடம்.

யூஜினியின் கார் வந்து, இரண்டு தரிப்பிடங்களைக் குறுக்காக அடைத்து நின்றது. அவள் இறங்கி அண்ணனைப் பார்த்தாள். கொங்கிறீற் கட்டைகளைப் பார்த்தாள். பச்சைச் சிலுவையைப் பார்த்தாள். ஏணியைப் பார்த்தபோது கையால் வாயைப் பொத்தினாள்.

மேலே ஒருவர் கத்தினார். "உயிர் இருக்கிறது! படுக்கையை அனுப்புங்கள்!"

றூபன் கட்டையின்மேல் உட்கார்ந்துவிட்டான்.

படுக்கையை ஏணித் தொட்டியில் வைத்து மெல்ல மெல்ல இறக்கினார்கள். வெள்ளித் தாளில் சுற்றப்பட்ட ஓர் உடம்பு. மூக்கும் நெற்றியும் மட்டும் தெரிந்தன. நிறம் மெழுகுபோல் இருந்தது. உதடு அசையவில்லை. மூச்சு, கவனித்துப் பார்த்தால் மட்டும்.

முதலில் இறங்கிய தீயணைப்பு வீரரின் கையில் ஓர் இறப்பர்ச் செருப்பு இருந்தது. ஒரு பக்கம் நசிந்து, சில்லின் தடம் ஆழமாகப் பதிந்திருந்தது.

"அலுமாரியின் சில்லுக்குள் இது சிக்கியிருந்தது," என்றார் அவர். "நாங்கள் இருவர் சேர்ந்துதான் தூக்கி நகர்த்தினோம். ஒன்று அங்கே சிக்கியிருந்தது. மற்றது பக்கத்திலேயே கிடந்தது. ஏன் ஒருவர் செருப்பை அறைக்கு வெளியே கழற்றி வைக்க வேண்டும்?"

அங்கே நின்ற நான்கு தமிழருக்கும் அது விளங்கியது. யேசுரட்ணம் எந்த அறைக்குள்ளும் செருப்போடு போகமாட்டார். அது செடி வளர்க்கும் அறையாக இருந்தாலும் சரி. வாசலில் கழற்றி வைத்துவிட்டுத்தான் தண்ணீர் ஊற்றப் போயிருப்பார். மகன் அவசரத்தில் அலுமாரியை அதற்கு மேலாகத் தள்ளியிருக்கிறான். சின்னப் பிள்ளையும் தள்ளும் அலுமாரி அதன் பிறகு அசையவில்லை. மகன் சத்தம் போடாதே என்றான். அவர் சத்தம் போடவில்லை. சனிக்கிழமை வரை.

"என்ர அப்பா," என்றான் றூபன். "பொக்கெற்றிலை போன் இருந்ததே. ஏன் ஒருத்தருக்கும் எடுக்கேல்லை? பொலிசுக்கு எடுத்திருக்கலாமே?"

"பொலிசுக்கு எடுத்தா உங்களைப் பிடிப்பினம்," என்றார் இக்னேசியஸ். "அது அவருக்குத் தெரியாதோ?"

அம்புலன்சின் பின்கதவு திறந்திருந்தது. உள்ளிருந்து ஒரு பெண் மருத்துவ உதவியாளர் எட்டிப் பார்த்தார். ஒரு கையில் ஊசி, மறு கையில் பேனை. ஆங்கிலத்தில் வேகமாகக் கேட்டார்.

"குடும்பத்தார் யார்? இவர் எப்போதிலிருந்து இந்த நிலையில் இருக்கிறார் என்று தெரிய வேண்டும். தலையில் ஒரு காயம் இருக்கிறது. விழுந்தது முதல் நாளா, நேற்றா என்பதைப் பொறுத்து எந்த மருந்து கொடுப்பது என்பதே மாறும். கடைசியாக இவரோடு பேசியது யார்? எப்போது? தெளிவாகப் பேசினாரா, குழறினாரா?"

"வெள்ளி பதினொரு மணி," என்றான் றூபன். "நான்தான். தெளிவாப் பேசினவர்."

"அதற்குப் பிறகு யாருமில்லையா?"

யூஜினி அம்புலன்சின் படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "எனக்குத் தெரியாது," என்றாள். "நான் பத்து நாள்..."

கௌசி அவளுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் பேசினாள். அவளுக்குத் தெரிந்த ஒரே குரல் அதுதான்.

"அக்கா, காலமை பதினொரு மணிக்குத் தொண்ணூற்றொண்டு எண்டனீங்கள். பதினொண்டில இருந்து பின்னாலை எண்ணினா வெள்ளிக்கிழமை பின்னேரம் நாலு மணி வரும். எடுத்துப் பாத்தாப் போன் ஓஃப் எண்டு மட்டும்தான் தெரியும். எத்தினை மணிக்கு ஓஃப் ஆனது எண்டு தெரியாது. அப்பாவைக் காணேல்லை எண்டு உங்களுக்கு நேற்றுத்தான் தெரியும். ஆனா மணித்தியாலத்தை வெள்ளிக்கிழமையில இருந்து எண்ணுறீங்கள்."

யூஜினி ஒரு கையுறையைக் கழற்றினாள்.

"இப்ப ஒரு மணி. தொண்ணூற்றுமூண்டு. அந்த நாலு மணிக்கு என்ன நடந்தது? அம்புலன்சிலை நிக்கிற அவவுக்குத் தெரிய வேணும். எனக்கில்லை. அவவுக்கு."

உள்ளே இயந்திரம் ஒன்று ஒரே சீராகச் சத்தமிட்டது. மருத்துவ உதவியாளர் பேனையைத் தாளில் வைத்துக் காத்திருந்தார். றூபன் தங்கையைப் பார்த்தான். இக்னேசியஸ் எதிரே இருந்த டியூசன் சென்ரரின் பெயர்ப்பலகையை ஓர் எழுத்து விடாமல் வாசித்துக்கொண்டிருந்தார்.

முப்பது வருடம் இந்த நாட்டில் ஆங்கிலம் பேசியவளுக்கு அப்போது ஆங்கிலம் வரவில்லை. தமிழில்தான் சொன்னாள். கௌசி ஒவ்வொரு வசனமாக மொழிபெயர்த்தாள்.

"நாலு மணிக்கு அப்பா போன் எடுத்தவர். நான் வேலையிலை நிண்டனான்."

கௌசி சொன்னாள். பேனை எழுதியது.

"குழறேல்லை. தெளிவாத்தான் கதைச்சவர். கொஞ்சம் மெதுவா, பக்கத்திலை ஆரோ நித்திரை கொள்ளுற மாதிரி."

கௌசி சொன்னாள்.

"போனிலை சார்ஜ் குறைவு எண்டவர். இண்டைக்கே உன்னட்டை வரட்டோ பிள்ளை, வேலை முடியக் காரைக் கொண்டு வாறியோ எண்டு கேட்டவர். எங்கை நிக்கிறியள் எண்டு நான் கேட்கேல்லை. நீ ஓம் எண்டா எங்கை வாறது எண்டு சொல்லுறன் எண்டவர்."

கௌசி அதையும் சொன்னாள். மருத்துவ உதவியாளர் நன்றி சொல்லி, எழுதுவதை நிறுத்தி, கதவை இழுத்துச் சாத்தக் கையை நீட்டினார். யூஜினி அந்தக் கதவைப் பிடித்தாள். உள்ளே, வெள்ளித் தாளுக்கு மேலே தெரிந்த நெற்றியைப் பார்த்துக்கொண்டு, மிச்சத்தையும் சொன்னாள்.

"நான் சொன்னன், இது அண்ணான்ர மாசம் அப்பா, ஒண்டாம் திகதி வாங்கோ எண்டு."